‘ஓம் டொக்ரர்’ என்பது சம்மதமா?

புலம்பெயர்ந்த நாடுகளின் வைத்தியசாலைகளில் எம்மவர் வாயிலிருந்து அதிகம் வரும் வசனம் எது என்று கேட்டால் யோசிக்காமலே சொல்லிவிடலாம்: ‘ஓம் டொக்ரர்.’ அதை நாங்கள் ஜேர்மன் மொழியில் சொல்கிறோம், பிரெஞ்சில் சொல்கிறோம், நோர்வேஜிய மொழியில் சொல்கிறோம். மொழி கைகொடுக்காத இடத்தில் தலையை ஆட்டிச் சொல்கிறோம். வைத்தியர் அதைச் சம்மதம் என்று தனது கணினியில் பதிந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். நாங்களோ அதை மரியாதை என்று நினைத்துச் சொல்லிவிட்டு எழும்பி வருகிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு அர்த்தம், அந்தப் பக்கம் இன்னொரு அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் உடல் கிடக்கிறது. இந்த ‘ஓம்’ க்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

எல்லா வருத்தத்துக்கும் ஒரே நியாயம் என்று சொல்ல வரவில்லை. விபத்தில் அடிபட்டு நினைவிழந்து கொண்டுவரப்பட்டவரிடம் விருப்பம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அங்கே வைத்தியர் முடிவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் கூடவே இருந்து எங்களோடு சேர்ந்து கிழவராகும் வருத்தங்கள் வேறு. அங்கே சிகிச்சையைச் செய்பவர் உண்மையில் வைத்தியரா? அவர் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை சில நிமிடங்கள் எங்களைப் பார்க்கிறார். மிச்ச நாள் முழுவதும் குளிசையை விழுங்குகிறவர், விருப்பமான சாப்பாட்டை விலக்குகிறவர், வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கமரா விடப் போய்ப் படுக்கிறவர் நோயாளிதான். செய்ய வேண்டியவரைக் கேட்காமல் எடுக்கிற முடிவு அனேகமாகச் செய்யப்படாமலே போகிறது. மருந்துப் பெட்டி குசினி அலுமாரிக்குள் திறபடாமல் இருக்கிறது. அடுத்த தடவை வைத்தியர் ‘மருந்து எடுக்கிறீர்களா?’ என்று கேட்கிறார். பதில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ‘ஓம் டொக்ரர்.’

இதைப் பேச நாங்கள் உணவுக்குழாயைத் தேர்ந்தெடுக்கிறோம். தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவே இருக்கும் ஒரு சாதாரணக் குழாய். ஆனால் எங்கள் ஊர், வீடு, வேலை, விரதம், விருந்து எல்லாமே சாப்பாடாகி அந்த வழியால்தான் இறங்குகின்றன. அந்த வழியில் தடை வந்தால் அது ஒரு குழாயின் பிரச்சினையோடு நின்றுவிடுவதில்லை.

நெஞ்செரிவு எல்லோருக்கும் தெரிந்தது. இரைப்பை அமிலம் மேலே ஏறுவதால் வருவது. அதைப்போல அதிகம் பேசப்படாத இன்னொரு நோய் இருக்கிறது. இயோசினோபிலிக் ஈசோபஜைற்றிஸ் என்று பெயர். இயோசினோபில் என்பது ஒவ்வாமையோடு தொடர்புபட்ட ஒருவகை வெண்குருதிக் கலம். நலமான உணவுக்குழாயின் சுவரில் அது இருக்காது. இந்த நோயில் அங்கே வந்து குவிகிறது. கமரா விட்டு எடுத்த சிறு தசைத்துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்து, நோய் என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலானோருக்கு இதைத் தூண்டுவது சாப்பாடு. காலப்போக்கில் குழாயின் சுவர் தடித்து இறுகி ஒடுங்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதலாக வருகிறது. இந்த நோய்க்கு மருத்துவ ஏடுகளில் தனி முகம் கிடைத்ததே 1993, 1994 ஆம் ஆண்டுகளில்தான். அதில் ஒரு கட்டுரை சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது. எம்மவர் அகதி விண்ணப்பங்களோடு அதே நாட்டில் வரிசையில் நின்ற வருடங்கள் அவை.

இந்த நோய்க்காரர் தன்னை நோயாளி என்று நினைப்பதில்லை. இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டுவார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். சோற்றுக்குள் குழம்பை ஆறாக ஓடவிட்டுக் குழைத்து இறக்குவார். பாணைத் தேத்தண்ணியில் தோய்ப்பார். கலியாண வீட்டில் எல்லோரும் கை கழுவிய பிறகும் இலைக்கு முன்னால் இருப்பார். பிறகு பிறகு கலியாண வீட்டுக்கே போகமாட்டார். வீட்டில் ‘அவன் சின்னனிலையிருந்தே ஆறுதலாத்தான் சாப்பிடுவான்’ என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். ஒருநாள் ஒரு இறைச்சித் துண்டு நடுவழியில் இறுகி நிற்கும். எச்சில்கூட இறங்காது. அவசர சிகிச்சைப் பிரிவில்தான் நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்பார்.

2013 இல் சுவிற்சர்லாந்தில் 200 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. முதல் அறிகுறிக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை 6 வருடம். இந்தத் தாமதம் நீள நீளக் குழாய் ஒடுங்கியவர்களின் பங்கும் ஏறிக்கொண்டே போனது. சகித்துக்கொள்வதற்கு விலை உண்டு என்பதைத்தான் அந்த ஆய்வு சொல்கிறது. சகிப்பையே பெருமையாகப் பேசும் எங்களைப் போன்ற சமூகத்துக்கு அது முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட செய்தி.

சரி, நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இனி என்ன? இங்கேதான் எங்கள் வாதம் தொடங்குகிறது. ஏனென்றால் இதற்கு ஒரே ஒரு மருந்து இல்லை. பல வழிகள் இருக்கின்றன.

ஒமெப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் குளிசைகள் ஒரு வழி. பாதிக்கு அண்மித்தவர்களுக்குப் பலன் தருகின்றன. ஸ்ரீரொயிட் மருந்தை விழுங்குவது இன்னொரு வழி. ஆஸ்மாவுக்குப் பாவிக்கும் பம்பை வாய்க்குள் அடித்து, உள்ளே இழுக்காமல் விழுங்கச் சொல்வார்கள். ஐரோப்பாவில் 2018 இலிருந்து நாக்கில் கரையும் குளிசையும் இருக்கிறது. எதுவானாலும் எடுத்தபின் அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. வாயில் பூஞ்சணம் வரலாம். நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். மூன்றாவது வழி சாப்பாட்டை விலக்குவது. நான்காவது, 2022 இல் அமெரிக்காவிலும் 2023 இல் ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்ட டுபிலுமாப் என்ற ஊசி. பெரியவர்கள் வாரம் ஒருமுறை போட வேண்டும். விலை மிக அதிகம். ஏற்கனவே ஒடுங்கிய குழாயைக் கமராவின் உதவியோடு விரித்துவிடலாம். அது வழியைத் திறக்கும், அழற்சியை மாற்றாது.

இதில் எது நல்லது? இந்தக் கேள்விக்கு மருத்துவப் புத்தகத்தில் மட்டும் பதில் இல்லை. அரை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒருவருக்குச் சின்ன விடயம். பாரிஸில் உணவகக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்கு அது வேறு விடயம். இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, சாப்பிட்டவுடன் படுத்து, காலையில் எழும்பி அடுத்த வேலைக்கு ஓடுபவருக்கு ‘சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் குளிசை’ என்பதற்கு என்ன அர்த்தம்? அவருடைய சாப்பாட்டு நேரம் எது? வைத்தியருக்கு இது தெரியாது. தெரிந்தவர் எதிரே இருந்து தலையாட்டுகிறார்.

சாப்பாட்டை விலக்கும் வழியை எடுங்கள். பால், கோதுமை, முட்டை, சோயா, கச்சான் உட்பட்ட கொட்டைகள், மீன் உட்பட்ட கடலுணவு ஆகிய ஆறையும் விலக்குவது நீண்ட காலமாக நடைமுறையில் உள்ள முறை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் சில வாரம் கழித்துக் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை கமரா, எத்தனை நாள் சம்பளமற்ற லீவு, மயக்க மருந்து கொடுத்தால் கூட்டிக்கொண்டு வர யார் வருவார் என்பதெல்லாம் கணக்கில் வரவேண்டியவை. 2023 இல் அமெரிக்காவில் 129 பெரியவர்களை வைத்து நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு வெளியானது. ஆறு வாரம் ஆறையும் விலக்கியவர்களில் 40 வீதமானோருக்கும், பாலை மட்டும் விலக்கியவர்களில் 34 வீதமானோருக்கும் அழற்சி அடங்கியிருந்தது. இந்த வித்தியாசம் புள்ளிவிபரக் கணக்கில் பெரிதல்ல. அப்படியானால் பாலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு இருப்பதை யாராவது அவருக்குச் சொன்னால்தானே கேட்பார்?

விலக்கவேண்டிய சாப்பாடுகளின் பட்டியலை அச்சடித்துக் கையில் தருகிறார்கள். அதில் பாஸ்ரா இருக்கும், சீஸ் இருக்கும், காலைச் சாப்பாட்டுக்குரிய தானியப் பெட்டிகள் இருக்கும். எங்கள் வீட்டுக் குசினி அதில் இருக்காது. புட்டை அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் அவிக்கலாம் என்று அந்தப் பட்டியலை எழுதியவருக்குத் தெரியாது. கடையில் வாங்கும் இடியப்பத்திலும் புட்டிலும் கோதுமை மா கலந்திருக்கலாம் என்பதும் தெரியாது. ரவை என்பது கோதுமை. தூளாக விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்திருக்கிறது. மாசிச் சம்பலில் மீன் இருக்கிறது. நெய்யும் மோரும் பால்தான். ரோல்ஸ், பற்றிஸ், கொத்து ரொட்டி எல்லாவற்றிலும் கோதுமை, பலவற்றில் முட்டையும். அதே நேரம் சோறு, பருப்பு, தேங்காய்ப்பால், மரக்கறி, ஒடியல் மா, உழுந்து என்று எங்களுக்குக் கைவசம் இருக்கும் சாப்பாடுகள் ஐரோப்பியர் ஒருவருக்கு இருப்பதைவிடக் கூட. பாண் இல்லாமல் எப்படி வாழ்வது என்று அவர் திகைக்கும் இடத்தில் எங்கள் அம்மா ஒருத்தி சிரிப்பாள். இந்த அறிவு யாரிடம் இருக்கிறது? சமைப்பவரிடம். அவரை யாராவது அந்த அறைக்குள் கூப்பிட்டார்களா?

வைத்தியருக்குத் தெரிந்தது ஒரு பாதி, எங்களுக்குத் தெரிந்தது மறுபாதி. பகிர்ந்து முடிவெடுத்தல் என்று இன்று மருத்துவ உலகம் பேசுவது இதைத்தான். 1997 இல் கனடாவின் ஹமில்ரன் நகரில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். குறைந்தது இருவர் பங்குபற்ற வேண்டும், இரு பக்கமும் தகவலைக் கொடுத்து வாங்க வேண்டும், இருவரும் தமது விருப்பத்தைச் சொல்ல வேண்டும், முடிவை இருவரும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 2021 இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

‘எது நல்லதெண்டு டொக்ரருக்குத் தெரியாதே?’ என்று கேட்பவர்களுக்கு இன்னொரு நோயைக் காட்டுகிறோம். அகலேசியா. உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்க மறுக்கும் நோய். 2011 இல் ஐரோப்பாவில் 201 நோயாளிகளை வைத்து, பலூன் மூலம் விரிப்பதையும் தசையை வெட்டிவிடும் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து 86 வீதம், 90 வீதம். பெரிய வித்தியாசமில்லை. 2019 இல் அதே சத்திரசிகிச்சையை, வாய் வழியாகவே கமராவை விட்டுத் தசையை வெட்டும் புதிய முறையோடு ஒப்பிட்டார்கள். 221 பேர். வெற்றி ஏறத்தாழ சமம், 83 வீதமும் 82 வீதமும். ஆனால் வாய் வழி முறையில் மூன்று மாதத்தில் 57 வீதமானோருக்கு அமிலம் ஏறிய புண் காணப்பட்டது. சத்திரசிகிச்சையில் 20 வீதம். வயிற்றில் துளை வேண்டாம், குளிசை எடுக்கத் தயார் என்று ஒருவர் சொல்லலாம். இன்னொரு குளிசை என் வாழ்க்கையில் வேண்டாம் என்று இன்னொருவர் சொல்லலாம். இருவரும் சரி. மிகச் சிறந்த வைத்தியரும் இந்த இடத்தில் நோயாளியைக் கேட்காமல் சரியான பதிலுக்கு வரமுடியாது.

கேட்டால் ஆட்கள் வேறு வேறு பதில்தான் சொல்கிறார்கள். பிரித்தானியாவில் 21 வைத்தியசாலைகளில் அமில நோயாளிகள் 810 பேரைச் சேர்த்து, குளிசையா சத்திரசிகிச்சையா என்று நடத்திய ஆய்வின் முடிவு 2008 இல் வந்தது. குலுக்கல் முறையில் எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி என்றவர்கள் 357 பேர். மிகுதி 453 பேரும் தமது தெரிவைத் தாமே சொன்னார்கள். 261 பேர் சத்திரசிகிச்சை, 192 பேர் மருந்து. ஒரே நோய், ஒரே நாடு, ஒரே காலம். எம்மவர் மட்டும் எப்படி எல்லோரும் ஒரே குரலில் ‘ஓம்’ சொல்கிறார்கள்?

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் அந்தச் சத்திரசிகிச்சையை உலகுக்குத் தந்தவர் ருடோல்ப் நிசன். எங்களைப் போல நாடு விட்டவர். ஜேர்மன் யூதரான அவர் 1933 இல் இஸ்தான்புல் போனார், 1939 இல் அமெரிக்கா போனார், 1952 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்கு வந்தார். அங்கிருந்துதான் 1956 இல் அந்த முறையை வெளியிட்டார். அவர் 1948 இல் அமெரிக்காவில் இன்னொரு அகதிக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தார். வயிற்றுப் பெருநாடி வீங்கியிருந்த ஐன்ஸ்ரைனுக்கு. 1955 இல் அந்த நாடி வெடித்தபோது மீண்டும் சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார்கள். ஐன்ஸ்ரைன் வேண்டாம் என்று மறுத்தார். அவர் சொன்னதை வைத்தியர்கள் கேட்டார்கள். பெரிய விஞ்ஞானி என்பதால் கேட்டார்கள் என்று சொல்வீர்கள். அதுதான் எங்கள் கேள்வியும். தட்டுக் கழுவுகிறவர் ‘வேண்டாம்’ என்றால் கேட்பார்களா? அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லவாவது எங்கள் சமூகம் அவரைப் பழக்கியிருக்கிறதா?

பழக்கவில்லை. ஊரில் வைத்தியர் என்பவர் யார்? கந்தோர்க்காரர், வாத்தியார், விதானையார் வரிசையில் எல்லோருக்கும் மேலே நின்றவர். அவருக்கு முன்னால் கதிரையில் இருக்கக் கூசியவர்கள் உண்டு. தோளிலிருந்த சால்வையை இறக்கிக் கைக்குள் வைத்தபடி நின்றவர்கள் உண்டு. நின்றவர்களின் சாதி என்ன, இருந்தவர்களின் சாதி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஐயா பார்த்துச் செய்யுங்கோ’ என்ற வசனத்தை நோய் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த ஒழுங்கு கற்றுக்கொடுத்தது. கப்பலிலும் விமானத்திலும் லொறிக்குள்ளும் ஒளிந்து நாடு நாடாகக் கடந்து வந்தபோதும் அந்த வசனத்தை மட்டும் நாங்கள் எல்லையில் எறிந்துவிட்டு வரவில்லை. இங்கே வந்த பிறகு வைத்தியர் வெள்ளைக்காரர் ஆனார். வதிவிட அனுமதி பற்றிய பயமும் அதோடு ஒட்டிக்கொண்டது. எதிர்த்துக் கேட்டால் எங்கோ ஒரு கோப்பில் எழுதிவிடுவார்கள் என்று நினைக்கும் மனம் அகதி மனம்.

எம்மவரான வைத்தியர்களிடம் போனால் தீர்ந்துவிடும் என்பார்கள். பலர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ‘தம்பி, நான் சொல்லுறதைச் செய்யும். நெற்றிலை வாசிச்சிட்டு வந்து எனக்குப் படிப்பிக்க வேண்டாம்’ என்ற குரலும் அங்கே கேட்கிறது. மொழி ஒன்றானால் போதாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். பெண்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. வைத்தியர் மனைவியைப் பார்த்துக் கேட்கிறார், கணவர் பதில் சொல்கிறார். அவளுக்கு விழுங்கும்போது எங்கே நோகிறது என்பதைக்கூட அவரே சொல்கிறார்!

இனிப் பிள்ளைகளைப் பற்றி. ‘பிள்ளை, டொக்ரர் என்ன சொல்லுறார் எண்டு கேள்’ என்று பத்து வயதுப் பிள்ளையை நடுவில் இருத்துவது எங்கள் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ‘அழற்சி’ என்ற தமிழ்ச் சொல்லும் தெரியாது, மருத்துவ ஜேர்மனும் தெரியாது. ‘குழாய் கிழியச் சிறு வாய்ப்பு உண்டு’ என்று வைத்தியர் சொன்னால் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பிள்ளை அதை விழுங்கிவிட்டு, ‘ஒண்டும் இல்லையாம் அம்மா’ என்கிறது. 2003 இல் அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக் குடும்பங்களின் மருத்துவச் சந்திப்புகள் 13 ஐப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரி 31 மொழிபெயர்ப்புத் தவறுகள். தவறுகளில் 63 வீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளர் விட்ட தவறுகளில் அப்படிப்பட்டவை 53 வீதம். உறவினர், தாதி என்று கையில் கிடைத்தவர்கள் விட்டவற்றில் 77 வீதம்.

நோர்வேயில் 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தடை செய்கிறது. டென்மார்க்கோ 2018 ஜூலையில் எதிர்த் திசையில் போனது. மூன்று வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்தவர் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. மொழியை இன்னும் படிக்காதது உன் குற்றம், ஆகவே உன் வருத்தத்தை விளங்கிக்கொள்ளக் காசு கட்டு என்பதுதான் அதன் பொருள். இரண்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவருக்குப் பள்ளிக்கூடம் போக நேரம் எங்கே இருந்தது என்று அந்தப் பாராளுமன்றம் கேட்டுக்கொள்ளவில்லை. எம்மவரில் சிலரும் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ‘முப்பது வருசமா இருக்கினம், இன்னும் பாஷை தெரியாதாம்.’ அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

சட்டம் எங்கள் பக்கம் இல்லை என்று நினைக்கவேண்டாம். 1980 இல் கனடிய உச்ச நீதிமன்றம் ரைபிள் எதிர் ஹியூஸ் என்ற வழக்கைத் தீர்த்தது. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. கழுத்து நாடியில் சத்திரசிகிச்சை செய்ய, பக்கவாதம் வந்துவிட்டது. ஓய்வூதிய உரிமைக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது. ஆபத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் அதுவரையாவது பொறுத்திருப்பேன் என்றார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அவருக்கு மொழி கஷ்டம் என்பது தெரிந்திருந்த வைத்தியர் அவர் விளங்கிக்கொண்டாரா என்று உறுதி செய்திருக்க வேண்டும் என்றது. ஓய்வூதியம் மருத்துவ விடயமா? இல்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் விடயம் அதுதான். ஜேர்மனியில் 2013 இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டம், விளக்கம் வாய்மொழியாகவும் நோயாளிக்கு விளங்கும் விதத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015 இல் மொன்கொமரி வழக்கில், எந்த ஆபத்தைச் சொல்வது என்பதை வைத்தியர்களின் வழக்கம் தீர்மானிக்காது, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவருக்கு எது முக்கியமோ அதைச் சொல்லவேண்டும் என்றது. அதோடு நியாயமான மாற்று வழிகளையும் சொல்லவேண்டும் என்றது. இந்தச் சட்டங்களைப் பற்றி எங்கள் வானொலிகளில் எத்தனை மணித்தியாலம் பேசினார்கள்? வீட்டுக் கடன் விளம்பரத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பத்தில் ஒன்று?

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இப்போது சில வைத்தியசாலைகளில் புதிய நாகரிகம் ஒன்று வந்திருக்கிறது. நான்கு துண்டுப்பிரசுரங்களைக் கையில் திணித்து, ‘இவைதான் வழிகள், நீங்களே தெரிவு செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு வைத்தியர் கதிரையில் சாய்ந்துகொள்கிறார். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இதைக் கைவிடுதல் என்கிறோம். எம்மவர் ‘இந்த டொக்ரருக்கு ஒண்டும் தெரியாது போல’ என்று வேறு வைத்தியரைத் தேடிப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பகிர்ந்து முடிவெடுப்பது என்றால் வைத்தியர் தனது அறிவை ஒளித்து வைப்பது என்று யார் சொன்னது? உங்கள் இடத்தில் இருந்தால் எதைப் பற்றி யோசிப்பேன், ஏன் என்று அவர் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் எங்கள் வேலை, வீடு, பயம், விருப்பம் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் கேட்டபிறகு ‘இதிலே நீங்களே முடிவெடுங்கோ’ என்று ஒருவர் சொன்னால் அதுவும் ஒரு முடிவுதான். கேட்காமலே சொல்வதும் கேட்டபின் சொல்வதும் ஒன்றல்ல.

நேரமில்லை என்பார்கள். ஆறு சாப்பாட்டையும் விலக்கச் சொல்லி, அவர் விலக்காமல், அடுத்த கமராவில் அழற்சி அப்படியே இருக்க, மருந்தை மாற்றி, அதையும் அவர் எடுக்காமல், கடைசியில் நள்ளிரவில் இறைச்சித் துண்டோடு அவசர சிகிச்சைக்கு வரும்போது செலவாகும் நேரத்தை யார் கணக்கிடுகிறார்கள்? முதல் நாளே பதினைந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குவதற்கு அது குறைந்ததா?

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. வைத்தியசாலைகளிடம்: மொழிபெயர்ப்பாளரை நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல் சந்திப்புக் கடிதம் அனுப்பும்போதே ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளைகளை வெளியே இருத்துங்கள். ‘விளங்கியதா?’ என்று கேட்காதீர்கள், அதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. ‘வீட்டில் போய் என்ன சொல்லுவீர்கள்?’ என்று கேளுங்கள், விளங்கியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். சாப்பாட்டுப் பட்டியலை எங்கள் குசினிக்கு ஏற்றபடி எழுத எங்கள் பெண்களையும், சமைக்கும் ஆண்களையும் கூப்பிடுங்கள்.

எங்கள் அமைப்புகளிடம்: மண்டபங்களில் பொன்னாடை போர்த்துவதற்கு நீங்கள் தேடிப் பிடிக்கும் வைத்தியர்களை ஒரு நாள் மேடையிலிருந்து இறக்கி, கேள்வி கேட்கவிடுங்கள். தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்ற சாட்டு வேண்டாம். அமெரிக்க மிசனரி வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். வேற்றுமொழிக்காரர் ஒருவரால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடிந்தது, கணினியும் பட்டமும் கையில் வைத்திருக்கும் எங்களால் இன்று முடியாதா? உணவுக்குழாய் நோய் பற்றி நான்கு பக்கம் தமிழில் எழுத எத்தனை நாள் வேண்டும்?

எங்களிடம் நாங்களே கேட்பது: வைத்தியரிடம் போகும்போது நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவோம். இதைவிட வேறு வழிகள் என்ன? ஒவ்வொன்றிலும் நல்லது என்ன, கெட்டது என்ன? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? எனது வேலைக்கும் சாப்பாட்டுக்கும் எது பொருந்தும்? விழுங்கக் கஷ்டம் என்றால் அதை ‘ஆறுதலாகச் சாப்பிடும் பழக்கம்’ என்று மூடாமல் முதலிலேயே சொல்வோம். மருந்தை எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று சொல்வோம், ஏன் என்றும் சொல்வோம். அதைக் கேட்டு முகம் சுழிக்கும் வைத்தியர் இருந்தால் சுழிக்கட்டும். விளங்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழும்பி வருவோம், மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு நாள் தரும்படி கேட்போம்.

இதற்குப் பிறகும் ‘ஓம்’ சொல்லலாம். அப்போது சொல்பவருக்குத் தான் எதற்கு ஓம் சொன்னேன் என்று தெரிந்திருக்கும்.